காரணம்: கல்

மாலை நான்கு மணிக்குள் போர்ட் பிளேருக்கு அறிக்கை போயாக வேண்டும். பன்னிரண்டு கட்டங்களில் பதினொன்றைக் குழந்தைவேலு நிரப்பிவிட்டார். 'தாமதத்துக்கான காரணம்' என்ற கடைசிக் கட்டம் மட்டும் அவரைப் பார்த்துப் பல்லிளித்துக்கொண்டிருந்தது.

பாராடாங் தீவின் படகுத்துறையில் ஒரு பயணிகள் நிழற்கூடம். நாலு இரும்புத் தூண், மேலே தகரம், கீழே இரண்டு பெஞ்சு, அவ்வளவுதான் திட்டம். தூணுக்கான இரும்புக் குழாய்கள் வந்து கிடந்தன, தகரமும் வந்து கிடந்தது. வேலைதான் தொடங்கவில்லை.

ஏன் என்று கேட்கக் கான்டிராக்டரின் மேஸ்திரிக்குப் போன் போட்டார். மேஸ்திரி ஹிந்தியில் கடகடவென்று பொரிந்தார். பாதியைக் கடல் காற்று கொண்டுபோனது. மீதியில் குழந்தைவேலுவுக்குப் பிடிபட்டது, கல் வர வேண்டும் என்பதுதான். "அச்சா, அச்சா" என்று போனை வைத்துவிட்டு, கட்டத்தில் 'கல் வரவில்லை' என்று எழுதி அனுப்பினார்.

விருதுநகரிலிருந்து வந்து மூன்றே வாரம் ஆகியிருந்தது அவருக்கு. வேலைக்கான விண்ணப்பத்தில் 'ஹிந்தி தெரியும்' என்ற இடத்தில் துணிந்து டிக் அடித்த மனிதர். அது பொய் என்று தெரிந்தால் தகுதிகாண் பருவத்திலேயே கப்பலேற்றிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு உண்டு. ஆகவே யாரிடமும் எதையும் இரண்டாம் முறை கேட்பதில்லை.

அவருடைய வாழ்க்கையே அந்த நிழற்கூடத்தில்தான் மாட்டிக்கொண்டிருந்தது. அது முடிந்தால் போர்ட் பிளேருக்கு மாற்றல் என்று எழுத்தில் கொடுத்திருந்தார்கள். அங்கே குவார்ட்டர்ஸ் உண்டு. மனைவி உமா மகேஸ்வரியையும் எட்டு மாதக் குழந்தை நீலாவதியையும் அழைத்துக்கொள்ளலாம். அதுவரை ஒற்றை அறை, ஒற்றைத் தட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு போன்.

மறுநாள் காலை, தோளில் கனத்த பையோடு ஒருவர் ஆபீஸ் வாசலில் நின்றார். கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக் குடும்பம், பெயர் முருகையா என்றார்.

"வேலைக்கு வந்திருக்கேனுங்க, ஐயா."

குழந்தைவேலுவுக்குப் பாவமாக இருந்தது. "கவர்ன்மெண்ட்ல வேலை அப்படி வந்து நின்னா கிடைக்காதுப்பா. இங்க எதுவும் கல்லு வந்தாத்தான்."

"கல்லுங்களா?"

"ஆமா. வரட்டும், பார்க்கலாம்."

முருகையா தலையாட்டிவிட்டு எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்தார். பெரியவர்கள் சொன்னால் காரணம் கேட்காத பழக்கம் அவருக்கு.

அன்று மத்தியானமே போர்ட் பிளேரிலிருந்து இன்ஜினியர் வைஜெயந்தி மேடம் பேசினார்.

"குழந்தைவேலு, எஸ்டிமேட்ல கல்லே இல்லையே. எதுக்குக் கல்?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் அறிக்கையே தப்பு என்று ஒப்புக்கொள்ள எந்தப் புது குமாஸ்தாவுக்கு மனசு வரும்?

"தரைக்கு, மேடம்."

"எவ்வளவு?"

எதற்கும் இருக்கட்டும் என்று, "இருபது லோடு" என்றார்.

அங்கிருந்து அது அவர் கையை விட்டுப் போனது. தீவில் கல் உடைக்க அனுமதி இல்லை, மெயின்லேண்டிலிருந்துதான் கொண்டுவர வேண்டும் என்றது ஒரு கடிதம். மெயின்லேண்ட் கல் என்றால் கப்பல், கப்பல் என்றால் திருத்திய எஸ்டிமேட் என்றது இன்னொன்று. எஸ்டிமேட் ஏழு மேசைகளில் தூங்கி எழுந்து வந்தது. கான்டிராக்டரோ, தாமதம் தன் தலையில் விழாத சந்தோஷத்தில், 'கல் வந்ததும் பணி தொடங்கப்படும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு மேஸ்திரியைத் தெற்குக் கோடியில் கேம்பல் பே என்ற ஊருக்கு வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்.

மாதம் தவறாமல் குழந்தைவேலு 'கல் வரவில்லை' என்று எழுதினார். திங்கள் தவறாமல் முருகையா வந்து கேட்டார்.

"கல்லு வந்துருச்சுங்களா, ஐயா?"

"கப்பல்ல ஏத்திட்டாங்களாம்ப்பா."

இடையில் ஓட்டைப் படகை அடைப்பது, சைக்கிள் சரிசெய்வது என்று முருகையா வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் உமாவும் அதையேதான் கேட்டாள். குழந்தை முதலில் 'அம்மா' என்றது. அடுத்து, போனைப் பார்த்தால், 'கல்லு' என்றது. அன்றைக்குக் குழந்தைவேலு சாப்பிடவில்லை. பெற்ற மகள் தன்னைக் கல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவரை உலுக்கிவிட்டது.

பன்னிரண்டாம் மாதம், நாடு முழுவதும் இழுத்துக்கொண்டே போகும் அரசு வேலைகளின் பட்டியல் ஒன்று பத்திரிகைகளில் வந்தது. பெரிய பாலத்துக்கும் ரயில் பாதைக்கும் நடுவில், 'பயணிகள் நிழற்கூடம், பாராடாங். செலவு: ஒன்பது மடங்கு. காரணம்: கல்' என்று இருந்தது.

உமா போன் செய்தாள். "உங்க கல்லு பேப்பர்லயே வந்துருச்சு. அங்க மட்டும் ஏன் வரல?"

குழந்தைவேலு போனை வைத்தார். ராஜினாமா எழுதினார், கிழித்தார். ஊருக்குத் திரும்பினால் கடைசியில் கல்லுக்குப் பயந்து ஓடிவந்தவன் என்று பெயராகும்.

பதினாலாம் மாதம் கல் வந்தது. வண்டிகளைக் கூட்டமாக மட்டுமே விடும் காட்டுச் சாலையில் கான்வாய்க்குக் காத்திருந்து, ஃபெரியில் ஒவ்வொரு லாரியாகக் கடந்து, இருபது லோடும் வந்து சேர்ந்தது. டிரைவர்கள் திரும்பும் கான்வாயைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தார்கள்.

"எங்க கொட்றது, சாப்?"

காலி இடம் ஒன்றுதான் இருந்தது. குழந்தைவேலு அதைக் காட்டினார். நிழற்கூடம் கட்ட வேண்டிய இடத்தில், குழாய்களின் மேலும் தகரங்களின் மேலும், ஒரு குன்று எழும்பியது. அந்த மாத அறிக்கையில் தாமதத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் அவர், 'கல் வந்துவிட்டது' என்று எழுதினார். எழுதிவிட்டு மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். வேறு உண்மை எதுவும் அவரிடம் மிச்சமில்லை.

மூன்றாம் நாள் வைஜெயந்தி மேடம் நேரில் வந்துவிட்டார். மழை பெய்துகொண்டிருந்தது. படகுக்குக் காத்திருந்தவர்கள் குடை பிடித்துக்கொண்டு கல்குன்றின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். முருகையாவும் பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கே இருந்தார்.

"நாலு தூணுக்கு இவ்வளவு கல்லா? யார் கேட்டது இதை?" என்றார் மேடம்.

"மேஸ்திரிதான் மேடம் சொன்னார். போன்ல."

"என்ன சொன்னார்? அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்க."

பதினாலு மாதமாக மனசில் ஓடிக்கொண்டிருந்த வாக்கியம். குழந்தைவேலு பிசகாமல் சொன்னார்: "'கல் ஆயேகா, சாப்' அப்படின்னார்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"உங்களுக்கு ஹிந்தி தெரியும்னுதானே எழுதியிருந்தீங்க?"

"தெரியும், மேடம்" என்றார் குழந்தைவேலு.

கல்குன்றிலிருந்து முருகையா மெல்ல இறங்கி வந்தார். பையைத் திறந்து, வெல்டிங் அடிக்கும்போது முகத்துக்குப் பிடிக்கும் கறுப்புக் கண்ணாடித் தடுப்பை வெளியே எடுத்தார்.

"ஐயா, ஹிந்தியில கல்லுன்னா நாளைக்குங்க, நாளைக்கு வருவான்னு மேஸ்திரி சொன்ன வெல்டரு நான்தான், சொன்னபடி மறுநாளே வந்துட்டேன், நீங்கதான் கல்லு வரட்டும்னு உட்கார வச்சுட்டீங்க."