பதினோராம் நம்பர் ஆட்டின் எலும்பு

அன்புள்ள பானுமதி அக்காவுக்கு,

தங்கை ராதிகா வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் பன்னிரண்டு ஆடுகளும் சுகம். கம்பைநல்லூரில் மாமாவும், போன மாதம் வழுக்கி விழுந்து உடைந்த உன் மணிக்கட்டும் சுகமா?

இன்று காலை எழுந்ததும் பல்கூட விளக்காமல் கொட்டகைக்குப் போய்ப் பதினோராம் நம்பர் ஆட்டிடம் மன்னிப்புக் கேட்டேன். அது என் முந்தானையைத் தின்றது.

விஷயம் இதுதான். நான் பதிவேடு எழுதும் ஆராய்ச்சிக் கொட்டகையில், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு ஏன் தேய்கிறது என்று பார்க்க, சினைப்பையை எடுத்துவிட்ட செம்மறியாடுகளை வளர்க்கிறார்கள். உன்னைப் போன்றவர்களுக்கு மருந்து கண்டுபிடிக்கத்தான். முதலில் கால்சியம் குறைந்த தீவனம் மட்டும் கொடுத்து எலும்பைத் தேயவிட வேண்டும், பிறகுதான் மருந்து. இந்த விதியைப் பதிவேட்டில் எழுதியது விலங்கியல் பட்டம் வாங்கிய என் கை. அதே கை, அந்த ஆடு என் மதியச் சாப்பாட்டைப் பார்த்த பார்வை தாங்காமல், ஐந்து மாதமாகத் தினம் ஒரு உருண்டை கேழ்வரகுக் களியும் ஒரு கொத்து முருங்கைக்கீரையும் ஊட்டியிருக்கிறது. எதிரே ஒரு ஜீவன் நிற்க, நம் ஊர்ப் பக்கம் யார் தனியாகச் சாப்பிடுவார்கள், நீயே சொல்!

நேற்று ஸ்கேன் எடுத்தார்கள். மற்ற ஆடுகளுக்கெல்லாம் எலும்பு தேய்ந்திருக்க, இதற்கு மட்டும் கருங்கல் மாதிரி இருந்தது. டாக்டர் சுசித்ரா, தீவனம் போடும் சவுரியப்பனைக் கூப்பிட்டார்.

"வேற எதாச்சும் கலந்தீங்களா?"

"தீவன ரூமப் பூட்டி சாவிய நீங்கதானுங்களே வெச்சிருக்கீங்க. நான் எங்கிருந்துங்க கலக்கறது? ராதிகாம்மாவக் கேளுங்க, நோட்டுல இருக்கும்."

"நோட்டுல அப்படி ஒண்ணும் இல்லீங்க மேடம்" என்றேன். அது உண்மைதான், அதுதான் அசிங்கம்.

திங்கட்கிழமையிலிருந்து சவுரியப்பன் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த மனுஷன் அதைக் கேட்ட பிறகும் கொட்டகையைக் கழுவிவிட்டுத்தான் போனார்.

நான் வாயைத் திறக்கப்போவதில்லை அக்கா. நாற்பத்தாறு வயதில் இந்த வேலையை விட்டால் எங்கே போவேன்? ஆடு காட்டிக் கொடுக்காது, நீயும் கொடுக்காதே.

மாத்திரையை மறக்காமல் போடு. தீர்த்தமலையார் உன் மிச்ச எலும்புகளைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை
ராதிகா

பி.கு.: கடைசியில் எழுதிய வீராப்பை அடித்துவிட்டுப் படி. திங்கட்கிழமை காலை, சவுரியப்பன் தன் துணிமணியை எடுத்துப்போக வருவதற்குள், டாக்டர் அறைக்குப் போய், "களி போட்டது நான்தானுங்க" என்று சொல்லப்போகிறேன். வீட்டில் அவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பார், நானும் சந்தோஷமாக நின்றுவிடுவேன்.