எங்கள் ஊர்ப் பெண்களின் முழங்கால்கள்

உலக மருத்துவ வரலாற்றில் எங்கள் ஊருக்கென்று தனி அத்தியாயமே ஒதுக்க வேண்டும். அருமனைக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் சபையில் பெண்களுக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு நோயே கிடையாது. வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. சபையின் 'பெண்கள் ஆரோக்கிய மேம்பாட்டுக் குழு'வின் அமைப்பாளர் என்ற பொறுப்போடு சொல்கிறேன். குழுவில் இருக்கிற அத்தனை பேரும் ஆண்கள். வீட்டு வேலையிலேயே நொந்து கிடக்கும் பெண்கள் தலையில் இந்தப் பாரத்தையும் ஏற்ற எங்களுக்கு மனம் வரவில்லை.

எங்கள் குழு நடத்திய மருத்துவ முகாமின் வெற்றிக்கு முழுக்காரணம் மைக். சபைக்குச் சொந்தமாக மைக் செட் இருக்கும்போது அதைச் சும்மா பூட்டி வைப்பது ஆண்டவருக்கே அடுக்காது. ஆகவே பதிவு செய்யும் ஒவ்வொருவரின் பெயரையும் நோயையும் குழு உறுப்பினர் ஜான்ரோஸ் உரக்க அறிவிப்பார். ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் கட்டியிருந்தோம். சந்தை முக்குவரை கேட்கும். 'வெளிப்படைத்தன்மை' என்றால் இதுவல்லவா!

முதலில் வந்தவர் லீலாபாய் அக்கா.

"என்ன சீக்கு எக்கா?" என்று ஜான்ரோஸ் மைக்கிலேயே கேட்டார்.

"அது வந்து மக்கா, கொஞ்ச நாளாட்டு..." அக்கா மைக்கைப் பார்த்தார். தென்னை மரத்தைப் பார்த்தார். "முட்டுவலியாக்கும்."

"சகோதரி லீலாபாய், முட்டுவலி!" என்று சந்தை முக்குவரை போய்ச் சேர்ந்தது. அடுத்து வந்த சகோதரிக்கும் முட்டுவலி. அதற்கடுத்தவருக்கும் அதே. எங்கள் குழு தீர்க்கதரிசனத்தோடு வலித் தைலத்தை முன்கூட்டியே பெட்டி பெட்டியாக வாங்கி வைத்திருந்தது.

என் மனைவி ரெஜிலாவும் வரிசையில் நின்றாள். அவளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஈஸ்டர் முதல் அவள் பிரசங்கம் முழுவதையும் நின்றுகொண்டே கேட்டு வந்தாள். 'இப்படியல்லவா பக்தி இருக்க வேண்டும்' என்று போதகரே பாராட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உண்மையில் அவளால் உட்கார முடியவில்லை என்பதும், 'சொல்லக்கூடாத இடத்தில்' அரிப்பும் எரிச்சலுமாய் அவள் துடித்துக்கொண்டிருந்தாள் என்பதும் பிறகுதான் வெளிவந்தது. உப்பு, மஞ்சள், வேப்பிலை என்று பக்கத்து வீட்டுக்காரிகள் சொன்னதையெல்லாம் போட்டுக் கழுவிப் பார்த்திருக்கிறாள். என்னிடம் மட்டும் மூச்சு விடவில்லை. அப்பேர்ப்பட்ட அடக்கம்!

"சகோதரி ரெஜிலா, முட்டுவலி!" என்றார் ஜான்ரோஸ்.

டாக்டர் அஸ்வதி மார்த்தாண்டத்திலிருந்து வந்திருந்தார். பெரிய படிப்பு, ஆனால் நிர்வாக ஞானம் போதாது. ரெஜிலாவைக் காலை மடக்கச் சொன்னார். மடக்கினாள். குத்த வைத்து எழுந்திருக்கச் சொன்னார். எழுந்தாள். டாக்டர் விறுவிறுவென்று வெளியே வந்தார்.

"இந்த மைக்குக்கு யாரு பொறுப்பு?"

நான் பணிவோடு முன்னால் வந்தேன்.

"அணைங்க. ஆம்பிளைங்க எல்லாரும் கேட்டுக்கு வெளிய போங்க."

"மைக் இல்லாத எப்பிடி டாக்டரே முகாம் நடத்துகது?" என்று ஜான்ரோஸ் கண் கலங்கக் கேட்டார். டாக்டரே போய் ஸ்விட்சை அணைத்தார்.

அதன்பின் நடந்ததை அற்புதம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் முழங்கால் சுகமாகிவிட்டது. தைலத்தைத் தொட ஆளில்லை. கொஞ்ச நேரத்தில் என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

"ஒங்க மனைவிக்கு ஈஸ்ட் தொற்று" என்றார் டாக்டர்.

"கேக்குக்குப் போடுகதா?"

"அதே வகைல வேற ஒண்ணு. நிறையப் பொம்பளைங்களுக்கு வரதுதான். அப்பவே மருந்து போட்டிருந்தா கொஞ்ச நாள்ல போயிருக்கும். இவ்வளவு நாள் விட்டதுல தோல் வெடிச்சுப் புண்ணாயிருக்கு. புண்ணு வழியா வேற கிருமியும் ஏறும். விட்டு விட்டு வருதுன்னு சொன்னதால சுகர் பாத்தேன். முந்நூறுக்கு மேல நிக்குது. இத்தனை நாளும் யாருக்கும் தெரியல. இன்னும் விட்டிருந்தா ரெண்டும் ஒண்ணையொண்ணு வளர்த்து ஆளையே படுக்க வச்சிருக்கும்."

நான் மெல்ல நழுவப் பார்த்தேன். டாக்டர் விடவில்லை.

"ஒங்களுக்கு அங்க அரிப்பு உண்டா?"

மைக் அணைந்திருந்ததற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரித்தேன்.

ஆனாலும் அமைப்பாளர் என்ற முறையில் அங்கேயே இருந்த ரெஜிலாவிடம் விளக்கம் கேட்க வேண்டியது என் கடமை. "ஏட்டி, எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

"சொன்னேனே" என்றாள், நின்றபடியே. "ஈஸ்டர் கழிஞ்சு ஒருக்கா சொன்னேன். ஓணத்துக்கு முந்தி மறுக்காவும் சொன்னேன். ரெண்டு தடவையும், 'இரிட்டி, அவசர மீட்டிங், வந்து கேக்கேன்'னு செருப்ப மாட்டிட்டு எறங்கிப் போனிய."

டாக்டர் மருந்துச் சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். "அப்பிடி என்ன அவசர மீட்டிங்?"

"பொம்பளையளுக்க ஆரோக்கியத்தப் பத்தியாக்கும்" என்றாள் ரெஜிலா.