டேரல் ஸ்டம்போவுக்கு நோட்டீஸ் சேர்த்த படலம்

வாழ்க வெண்டல் காடில்! கென்டக்கி மலைநாட்டுச் சட்டத் தேர்வை மூன்றாம் படையெடுப்பில் வென்ற தீரன்; தன்னிடமுள்ள ஒரே கோட்-சூட்டைக் கவசமாகப் பூண்ட கோமகன்; ஊரைவிட்டு ஓடி முகவரி அறியப்படாதோரைத் தேடி, 'உன்மேல் வழக்கு உள்ளது காண்' என்று அறிவிக்கும் எச்சரிக்கை வக்கீலாக நீதிமன்றம் முதன்முறை அமர்த்திய வேங்கை!

அவன் தேடிய மாயாவி டேரல் ஸ்டம்போ. மூன்றாண்டுக்கு முன் மனைவி லொரெட்டாவை விட்டுவிட்டு, ஆற்றுக்கு அப்பால் ஒஹாயோ மாநிலத்தில் மறைந்தவன். அவனுக்கு அறிவித்தாயிற்று என்றோ, அறிவிக்க முயன்று தோற்றாயிற்று என்றோ ஐம்பது நாளுக்குள் வெண்டல் அறிக்கை தரவேண்டும். தோல்வியையும் வெற்றியாக ஏற்கும் அதிசயப் போர்! அறிக்கை வந்தால்தான் லொரெட்டாவுக்கு மணவிலக்கு. மணவிலக்கு வந்தால்தான் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆர்விலோடு அக்டோபரில் அவளுக்குக் கல்யாணம்.

பேஸ்புக் என்னும் பெருங்காட்டில் புகுந்த வெண்டல், ஏழு டேரல் ஸ்டம்போக்களை எதிர்கொண்டான். ஒருவர் பாதிரியார், இருவர் காலமானவர்கள், எஞ்சியோர் அவனைத் திட்டினார்கள். நாற்பத்தைந்தாம் நாள், 'இறுதியாக அறிந்த முகவரிக்கு எழுதுக' என்ற சட்டத்தின் ஆணையை நினைந்து, பெறுபவரே கையெழுத்திட வேண்டிய ஒப்புகைத் தபால் என்னும் பேரம்பை விண்ணதிர எய்தான்.

அது நேரே லொரெட்டாவின் வாசலில் போய் விழுந்தது.

"ஏன் தம்பி, எந்த வீட்ட விட்டு ஓடினானோ அந்த வீட்டுக்கே அவனுக்கு லெட்டரா? இதுக்கு நீ காலேஜ் வேற போனியா?" என்று போனில் இடித்தாள் லொரெட்டா.

"கடைசியா தெரிஞ்ச அட்ரஸ் உங்க வீடுதானே, மேடம்!"

"தபால் கொண்டுவர்ற ஜெனிவா அத எங்கிட்ட குடுக்கவும் மாட்டேங்குறா. டேரலே கையெழுத்துப் போடணுமாம். நான் எங்க போய் அவனப் புடிக்க?"

மழைக்கும் நாய்க்கும் அஞ்சாத தபால்காரி ஜெனிவா, மூன்று நாள் அதே வாசலில் அதே கடிதத்தோடு நின்று அதே வசையைப் பெற்று மீண்டாள். ஐம்பதாம் நாள் விடிந்தது. தான் வக்கீல்தானா என்ற ஐயம் நெஞ்சைக் குடைய, தன் வீழ்ச்சியைப் பதினொரு பக்கப் புலம்பலாக வெண்டல் பொறித்துக்கொண்டிருந்தபோது, முரசென முழங்கியது தொலைபேசி.

"எழுதுறத நிறுத்து தம்பி!" என்று கூவினாள் லொரெட்டா. "கையெழுத்தாயிடுச்சு. ஜெனிவா சீட்டோட உன் ஆபீசுக்குத்தான் வந்துட்டிருக்கா."

மூன்றாண்டுக்கு முன் அந்த வீட்டில் விட்டுப்போன தூண்டிலை எடுக்க அன்று வந்த டேரல், வாசலில் ஜெனிவா நீட்டிய சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மீன் பிடிக்கப் போய்விட்டான்.