சேலைக்குப் பதில் அருவம்

பஞ்சாலைக்கு அநியாயம் நடந்தது. செய்தவர் வேறு யாருமில்லை, அவளுக்குத் தாலி கட்டிய அர்ச்சுனன்தான்.

மந்தின் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம். ஜப்பான்காரன் பிடித்து ஆண்ட போர்க்காலம். துணி கண்ணில் படாது. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பாதிச் சனம் சாக்கை வெட்டித் தைத்து உடுத்திக்கொண்டிருந்தது. பஞ்சாலைக்கு மிஞ்சியது கல்யாணச் சேலை ஒன்றுதான். அதை மந்தின் கடைக்காரர் கணேசமூர்த்தியிடம் கொடுத்து, ஒரு கட்டுச் சுருட்டு வாங்கி வந்துவிட்டார் மனிதர்!

"ஏங்க, என் சேல எங்க?"

அர்ச்சுனன் தோட்டத்துக் கோயிலில் பிரசங்கம் செய்கிறவர். வீட்டில் மாட்டிக்கொண்டாலும் பிரசங்கம்தான்.

"சேல வெறும் உருவம், பஞ்சால. இன்னிக்கு இருக்கும், நாளைக்குக் கிழியும். அருவம்னு ஒன்னு இருக்கு. கண்ணுக்குத் தெரியாது, கையில சிக்காது, ஆனா இருக்கு. அன்பு, பக்தி, மானம் எல்லாம் அருவம். கிழியாது, எங்கயும் போகாது. என் அன்ப உடுத்திக்கோ."

"சாக்கு அரிக்குதுங்க."

"அன்பு அரிக்காதுலா!"

நான் கேட்கிறேன்: அருவம் அவ்வளவு உசத்தி என்றால் சுருட்டை மட்டும் ஏன் உருவமாக வாங்கினார்? அருவமாகவே புகைத்திருக்கலாமே! பஞ்சாலை இதைக் கேட்கவில்லை. அழவுமில்லை. அவர் சொன்னதை வார்த்தை பிசகாமல் மனப்பாடம் செய்துகொண்டாள்.

ஆடித் திருவிழா வந்தது. அர்ச்சுனன் பிரசங்கம். தலைப்பே 'உருவமும் அருவமும்'. அவருக்கும் ஒரே ஒரு வெள்ளை வேட்டி. திருவிழாவுக்கு மட்டும் பெட்டியைவிட்டு வெளியே வரும். மற்ற நாளெல்லாம் இடுப்பில் சாக்குதான்.

குளித்துவிட்டு ஈரக் கோவணத்தோடு வந்து பெட்டியைத் திறந்தார். காலி! சாக்கோ, துவைத்துப் போட்டதில் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

வாசற்படியில் பஞ்சாலை. தலையில் பூ. உடம்பில் கல்யாணச் சேலை.

"இது ஏதுடி?"

"கணேசமூர்த்தி அண்ணன்கிட்ட உங்க வேட்டியக் குடுத்தேன். துணிக்குத் துணி. நான் சுருட்டு கேக்கல."

வெளியே மேளம் நின்றது. கோயில் கமிட்டி ராமசாமி வாசலுக்கே வந்துவிட்டார்.

"அர்ச்சுனண்ணே! சனம் காத்துக் கெடக்கு, வாங்க!"

அர்ச்சுனன் பெட்டிக்குப் பின்னால் பதுங்கினார்.

"கதவ சாத்துடி! மானம் போகுது!"

பஞ்சாலை கதவை அகலத் திறந்தாள்.

"மானம் அருவங்க. அது எங்கயும் போகாது. நீங்க கெளம்புங்க."