நூற்றிருபது படிவங்கள்

நாற்பத்தோராவது படிவத்திலும் அதே வாக்கியம்தான் இருந்தது: "செயற்கை நுண்ணறிவு என் தொழில்முனைவுக் கனவுக்குச் சிறகு தருகிறது."

ஆராய்ச்சி மாணவி படிவத்தை மூடி வைத்தாள். ஏஐ பயன்படுத்தும் கல்லூரி மாணவர்களுக்குச் சொந்தத் தொழில் தொடங்கும் ஆர்வம் கூடுகிறதா, குறைகிறதா என்பதுதான் அவளுடைய ஆய்வு. அந்தக் கேள்விக்கும் அவர்கள் ஏஐயிடமே பதில் வாங்கியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஆறு வருட உழைப்பு அம்போ.

"கம்ப்யூட்டர்ல கேட்டா இப்படித்தான் வரும். தாள்ல எழுதச் சொல்லும்மா," என்றார் வழிகாட்டிப் பேராசிரியர்.

சொன்னாள். செல்பேசியை மடியில் வைத்துப் பார்த்து எழுதினார்கள். அதே சிறகு, இம்முறை எழுத்துப் பிழைகளோடு. மூன்று பேர், "வேறு ஏதேனும் உதவி தேவையா?" என்பதையும் சேர்த்தே எழுதியிருந்தார்கள்.

புதன்கிழமை ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வகுப்புக்குப் போய் எல்லாச் செல்பேசிகளையும் வாங்கிப் போட்டுக்கொண்டாள். அரை மணி நேரம் கழித்து நூற்றிருபது தாள்களும் வெற்றுத் தாள்களாகவே திரும்பி வந்தன.

"ஏம்ப்பா, ஒரு வரிகூடவா வரல?"

"எங்களுக்கு எதுல ஆர்வம்னு திடீர்னு கேட்டா எப்படிக்கா?" என்றான் முதல் பெஞ்சுக்காரன். "போனைக் குடுங்க, யோசிச்சுச் சொல்றோம்."

போனைக் கொடுத்து அனுப்பிவிட்டு, காலி வாளியோடு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாரும் 'லீடர்' என்று கூப்பிடும் வகுப்புத் தலைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஃபார்மையெல்லாம் எங்கிட்ட விடுங்கக்கா. நாளைக்குக் காலையில உங்க மேசைல இருக்கும்."

"எல்லாம் ஒரே மாதிரி இருந்தா எனக்கு வேண்டாம்மா."

"ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. போதுமா?"

வியாழக்கிழமை காலை மேசையில் இருந்த தாள்களில் ஒன்று மாதிரி ஒன்று இருக்கவில்லை. ஒருவன் கோழி கிளறினாற்போல எழுதியிருந்தான். ஒருத்தி மூன்று இடங்களில் அடித்துத் திருத்தியிருந்தாள். ஒரு தாளில் தேநீர்க் கறை. 'அப்பா கடையையே பார்க்க ஆளில்லை.' 'மாசச் சம்பளம் வந்தால் போதும்.' தொழில் தொடங்க ஆசை என்று சொன்னவர்கள் நான்கே பேர்.

மளமளவென்று முடிவுரையை எழுதினாள்: ஏஐ பயன்பாடு மாணவர்களைத் தொழில் தொடங்கத் தூண்டுவதில்லை.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் பேராசிரியர் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். "இதுதாம்மா உயிருள்ள தரவு," என்றார். ஐந்து மணிக்கு ஆய்வேடு அலுவலகத்தில் போய்ச் சேர்ந்தது. ஒரு வாரமாக இறங்காத சோறு இனி இறங்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

வாசலில் லீடர் எதிர்ப்பட்டாள்.

"நீ நல்லா இருப்பம்மா. ஆனா உன் பேர் போட்ட ஃபார்மைப் பார்த்துதான் எனக்கு மனசே ஆறல. இவ்வளவு சாமர்த்தியம் இருக்கு, தொழில்ல கொஞ்சமும் ஆர்வமில்லன்னு எழுதியிருக்கியே?"

"அதை எழுதினது நான் இல்லக்கா," என்றாள் லீடர். "பதிலை ஏஐ சொல்லிடும், எழுதறதுக்கு ஆறு பேரைச் சம்பளத்துக்கு வெச்சிருக்கேன், முதல் ஆர்டர் எல்லாருக்கும் ஃப்ரீதான்."