ஈரமுள்ள மாமன்

சென்னையில் இருக்கும் மருமகன் இளஞ்செழியனுக்கு, பாபநாசத்துக்குத் தெற்கே நம் ஊரிலிருந்து தாய்மாமன் தங்கையன் எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தை பூவம்மாளும் உயிரோடு இருக்கிறோம். உன் முகத்தைத் தினமும் எல்லார் போனிலும் பார்த்துவிடுவதால் உன் சுகத்தை விசாரிக்கவில்லை.

உன் பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடுகிறதாம். டீக்கடையில் அதுதான், மினி பஸ்ஸில் அதுதான். 'ஈரமுள்ள மாமன், இவன் ஈரம் காயா மாமன், கூரை பிஞ்சு ஒழுகினாலும் கூடிச் சிரிக்கும் மாமன்' என்று நீ பாட, பின்னால் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். படம் பிடித்த அன்றைக்கு எனக்குச் சிரிப்பே வரவில்லை தம்பி, நீதான் 'சிரிங்க மாமா, சிரிங்க மாமா' என்று உயிரை எடுத்தாய். சட்டையைக் கழற்றச் சொன்னாய், கழற்றினேன். உழுகிறது டிராக்டர், நீயோ திருவாரூர்ப் பக்கமிருந்து வாடகை மாடு பிடித்துவந்தாய். சேறு பத்தவில்லை என்று வாளியில் அள்ளி என்மேல் ஊற்றினாய். கடைசியில் கையில் ஒரு சட்டி கூழ். காவிரித் தண்ணீரில் நெல் விளைகிற ஊரில் யாரடா கூழ் குடிக்கிறான்? அத்தை பழைய சோறு கொண்டுவந்து கொடுத்தாள், அது கேமராவில் ஏழை மாதிரித் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினாய்.

அதையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன். ஆனால் நெல் போட்டவனைப் பார்த்து ஈரம் என்று பாடலாமா? நெஞ்சில் இருந்தால் அது நல்ல வார்த்தை. நெல்லில் இருந்தால் எங்கள் குடி முழுகிப்போகும். குறுவை அறுத்துக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டினேன், அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. எழுத்தர் ஈரம் பார்க்கும் மிஷினில் ஒரு பிடி நெல்லைப் போட்டார், என் முகத்தைப் பார்த்தார், அடையாளம் கண்டுகொண்டார். "அட, ஈரமுள்ள மாமன்! உங்க நெல்லு வேற எப்படிங்க இருக்கும்? காயவச்சு எடுத்துட்டு வாங்க" என்றார். மூட்டை தூக்குகிறவர்கள் அங்கேயே உன் பாட்டை எடுத்துவிட்டார்கள். ரோட்டில் பரப்பிக் காயவைத்தேன், மறுபடி மழை. மூடுவதற்குத் தார்ப்பாய் கேட்டுப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனால், "ஒழுகினா சிரிக்கிற ஆளுக்கு எதுக்குங்க தார்ப்பாய்?" என்கிறார்கள். அத்தை தன் பட்டுப்புடவையைத் தவிர எல்லாப் புடவையையும் நெல்லின்மேல் போர்த்திவிட்டாள்.

இப்போது நெல் அம்பாரத்தின் அடியில் கையை விட்டால் சுடுகிறது. முளை வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் மொத்தமும் மாட்டுக்குத்தான். குத்தகை அளக்காவிட்டால் அடுத்த போகம் தாளடிக்கு வயலை வேறு ஆளுக்கு விடப்போவதாக வயலுக்குச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, உன் பாட்டு ரொம்பப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் சொன்னார். மண்ணை மிதிக்கிறவன் மகராசன் என்று நீ ஊருக்கெல்லாம் பாடிவிட்டாய், அந்த மகராசனுக்கு மிதிக்க மண் இருக்குமா என்பதுதான் தெரியவில்லை.

ஆகவே இனி என் வாசற்படி மிதிக்காதே. என் மூஞ்சியை அந்தப் பாட்டிலிருந்து எடுத்துவிடு. மற்றபடி நீயும் உன் கேமராக்காரர்களும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

இப்படிக்கு,
தங்கையன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது கொள்முதல் எழுத்தரே வீடு தேடி வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் மகளுக்கு மஞ்சள் நீராட்டாம். நீ வந்து அந்தப் பாட்டைப் பாடினால் திங்கட்கிழமை காலையில் முதல் எடையே நம் நெல்தானாம். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டுச் சனிக்கிழமையே கிளம்பி வா, அத்தை உனக்கு விரால் மீன் வாங்கி வைக்கிறாள். சட்டையைக் கழற்றிவிட்டு நானும் உன் பக்கத்தில் நின்று சிரிக்கிறேன். ஒரு சொல்லை மட்டும் மாற்றிக்கொள். ஈரமுள்ள மாமன் வேண்டாம், காஞ்சுபோன மாமன் என்று பாடு. மிஷினுக்கும் அதுதான் நல்லது, பொய்யும் இல்லை.