சீடி அண்ணை போடாத பூட்டு

திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்கள் இறக்கிய சாமான் எல்லாவற்றையும் ஒரு தட்டிலும், சீடி அண்ணை ஊருக்குச் சும்மா கொடுத்த சீடிகளை மறு தட்டிலும் வைத்தால், அண்ணையின் தட்டுத்தான் தரையைத் தொடும்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் போட்டவருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த சுகாதார அலுவலகத்தில், நாங்கள் சொல்கிற கந்தோரில், கணினி வேலை. போர்க் காலத்தில், சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்தபோது, கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்காக அரசாங்கக் காசில் ஒரு புரோகிராம் எழுதினார். யாருக்கு என்ன நோய், என்ன மருந்து, அடுத்த ஊசி எப்போது என்று அது சொல்லும். நான் சம்பூர்ப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளின் பெயர் பதிந்துகொண்டிருந்தேன். பத்தாம் வகுப்புப் படிப்பு. புது ஆட்களைக் கண்டால் குரல் தொண்டைக்குள் இறங்கிவிடும். எனக்குக் கணினி பழக்க அண்ணை லோஞ்சுப் படகில் ஏறி வருவார். கையில் ஒரு சாப்பாட்டுப் பை. அதற்குள் சோற்றை நான் கண்டதில்லை. முழுக்கச் சீடிகள்.

கேட்டவர்களுக்கும் கொடுப்பார், கேட்காதவர்களுக்கும் கொடுப்பார். மிஷன் மருந்தகத்துக்கு ஒன்று, நாட்டு வைத்தியருக்கு ஒன்று. ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் கையிலும் திணித்தார். யாரோ ஒருவர் அதை வயலில் கட்டிக் காகம் கலைத்தார். அதைக் கேள்விப்பட்டு அண்ணை வருந்தவில்லை. தொங்குவது பழைய பதிப்பு என்று அறிந்து புதியதைக் கொடுத்தனுப்பினார்.

இறங்குதுறைச் சோதனையில் ஓர் ஆமிக்காரர் படம் என்று நினைத்து ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறார். கதாநாயகிக்காகக் காத்திருந்தவருக்கு மலேரியாக் குளிசை மருந்துப் பட்டியல்தான் வந்தது. மறுநாள் கோபத்தோடு திருப்பித் தந்தவரிடம், முகாம் மருந்தறைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று அண்ணை அதையே நீட்டினாராம்.

"ஆமிக்குமா குடுத்தனீங்கள்?" என்று மெல்லக் கேட்டேன்.

"காய்ச்சல் ஆளைப் பாத்தே வருது, தங்கச்சி?" என்றார்.

ஒன்றில் மட்டும் மகா கஞ்சன். நோயாளிகளின் பெயர்களை ஒருவருக்கும் தரமாட்டார். சீடி அடிக்க முன், ஒரு பெயராவது ஒட்டிக்கொண்டு போகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பார். பெயர்கள் கைமாறினால் என்ன நடக்கும் என்று யாரும் எங்களுக்கு விளக்கத் தேவையில்லாத காலம் அது.

சீடியில் புரோகிராமோடு அதை எழுதிய கணினி வரிகளும் இருக்கும். தெரிந்தவர்கள் திறந்து மாற்றலாம். கந்தோர்ப் பெரியவருக்கு இது பிடிக்கவில்லை. வரிகளுக்குப் பூட்டுப் போடச் சொன்னார். பயிற்சிக்குப் போயிருந்த நான் மூலைக் கதிரையில் உட்கார்ந்து கேட்டேன்.

"கண்டவனும் கை வைச்சுக் கெடுத்தால் என்ன செய்வீர்?"

"அவையின்ர கையில இருக்கிற கொப்பிதான் சேர் கெடும். எங்கட அப்பிடியே இருக்கும்."

"இது கந்தோர்ச் சொத்து, ஐசே."

"சனத்தின்ர காசில செய்தது, சேர். வீட்டுக்காரரை வெளியில விட்டுப் பூட்ட ஏலாது."

"ஆரும் மாத்தி இன்னும் திறமாக்கினால்?" என்று பெரியவர் நக்கலாகக் கேட்டார்.

"கேட்டு வாங்குவம்."

பிறகு சண்டை திரும்பி வந்தது. சம்பூரை விட்டு, இலங்கைத்துறை, வெருகல் என்று நடந்து, ஆற்றுக்கு அப்பால் ஓர் அகதி முகாமில் கூடாரம் கிடைத்தது. என் மகள் தர்சினிக்கு வாதக் காய்ச்சல் வந்து இதயத்தைத் தொட்டிருந்தது. மாதம் தவறாமல் ஊசி போடவேண்டும். தவறினால் இதயம் பழுதாகும் என்று டொக்டர் எச்சரித்திருந்தார்.

முகாம் மருந்தகத்துக்குப் போனால், எனக்குப் பழக்கமான அதே கணினித் திரை! கணினி நன்றாகத் தெரிந்த மிஷன் மருந்தகத்துப் பிரதர் ஒருவர் அண்ணையின் சீடியோடு வந்திருந்தார். ஆனால் அது வீட்டு விலாசம் கேட்டது. வீடு ஏது? எங்கள் ஊரார் எல்லாரும் "அம்மன் கோயிலடி" என்றோம். எங்களுக்குக் கடிதம் அப்படித்தான் வரும். கணினி ஊர் முழுவதையும் ஒரே வீட்டில் குடியேற்றிவிட்டது. இன்னொரு தர்சினியும் இருந்தாள். அதே வயது, அதே வியாதி. ஒரு வீட்டில் எதற்கு இரண்டு என்று, கணினி இருவரையும் ஒருத்தியாக்கிவிட்டது.

"போன கிழமை ஊசி போட்டாச்சே, அம்மா" என்றார் பிரதர்.

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. வரிசை பின்னால் இடித்தது.

மகள்தான் சொன்னாள்: "போட்டிருந்தால் நான் கத்தியிருப்பனே."

பிரதர் சிரித்துவிட்டுப் பதிவுகளைக் கிளறினார். பிழை பிடிபட்டது. புரோகிராமின் வரிகளைத் திறந்தார். நடுவில் ஆங்கில எழுத்தில் அண்ணை எழுதிவைத்த தமிழ்க் குறிப்பு: "இதில வீட்டு விலாசம் கேக்கும். வீடில்லாத சனம் வந்தால் வேற ஏதும் கேளுங்கோ."

வேறு என்ன கேட்பது? பிரதர் யோசித்தார். என்னை அறியாமல் வாய் திறந்தது.

"அம்மாவின்ர பேரைக் கேளுங்கோ. வீடு போகும், அம்மா மாறமாட்டா."

மத்தியானத்துக்குள் மாற்றிவிட்டார். முதல் கேள்வி எனக்குத்தான். என் பெயரைச் சொன்னேன். கேட்கவில்லை என்றார். வரிசை முழுவதும் கேட்க, வாழ்க்கையில் முதல் தடவையாக, "புவனேஸ்வரி" என்று உரத்துச் சொன்னேன். மகளுக்கு ஊசி போட்டார்கள். சொன்னபடியே கத்தினாள்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்தபின் துறைமுகக் கந்தோருக்குப் போய் அண்ணையிடம் எல்லாம் சொன்னேன். முதலில் பிள்ளையின் சுகத்தைக் கேட்டார். பிறகு கையை நீட்டினார்.

"அம்மா பேர் கேக்கிற கொப்பி எனக்கும் ஒண்டு வேணும், தங்கச்சி."

ஊருக்கெல்லாம் கொடுத்த மனிதர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். பிரதரிடம் வாங்கி, ஒரு சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுபோனேன். சீடிக்குக் கீழே, வாழையிலையில் கட்டிய சோறும் மீன்குழம்பும் இருந்தன. அவர் பையில் ஒருநாளும் சோற்றைக் கண்டதில்லையே.